கைப்பையில் கத்தி வைத்துக்கொள்ளலாமா, அக்கா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து 24 வயதுத் தங்கை ஒருவர் நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. கடை மூட ஏழு மணியாகும். பஸ் பிடித்துச் சந்தியில் இறங்கும்போது எட்டு மணி நெருங்கிவிடும். அங்கிருந்து லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, தேயிலை மலை நடுவே இருபது நிமிட நடை. பாதிவழியில் கைவிடப்பட்ட பழைய கொழுந்து மடுவம் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை) ஒன்று இருக்கிறது, அதில் சில இளைஞர்கள் குடித்துக்கொண்டு இருப்பார்கள். அவர்களில் ஒருவன் இரண்டு மாதமாகப் பின்தொடர்கிறான். முதலில் பேச்சு, பிறகு கேவலமான பேச்சு. போன மாதம் மடுவத்தடியில் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே போட்டு வழிமறித்து, குடையைப் பிடித்து இழுத்திருக்கிறான். மேட்டு லயத்து அண்ணன் ஒருவர் டோர்ச்சோடு இறங்கி வந்ததால் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

தம்பி ஒரு மடிப்புக் கத்தி தந்திருக்கிறான். தோழி பேஸ்புக்கில் பெப்பர் ஸ்ப்ரேயும் 'கரண்ட் அடிக்கும் டோர்ச்'சும் ஓர்டர் பண்ணலாம் என்கிறாள். யூடியூப்பில் தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவர் 'தற்காப்புக்காகக் கொன்றாலும் வழக்கு இல்லை' என்று சொன்னதைக் கேட்டிருக்கிறார். அம்மாவோ பொலிஸ் பக்கமே போகக் கூடாது, கல்யாணம் பேசுகிற நேரத்தில் பெயர் கெட்டுவிடும் என்கிறார். கடிதம் இப்படி முடிகிறது: "நான் துப்பாக்கியா கேட்கிறேன் அக்கா? ஒரு சின்னக் கத்திகூட வைத்துக்கொள்ளக் கூடாதா?"

அன்பின் தங்கச்சி,

உங்கள் கடைசி வரியை வாசித்துவிட்டுச் சிறிது நேரம் பேனாவை எடுக்க முடியவில்லை. நானும் லயத்தில் பிறந்து, டியூஷன் முடிந்து இருட்டில் மலை இறங்கி நடந்தவள்தான். அடிவயிற்றில் ஒரு இறுக்கத்தோடு, பின்னால் கேட்கும் காலடி யாருடையது என்று எண்ணிக்கொண்டே நடக்கிற அந்த நடை எனக்குத் தெரியும். அதனால் 'பயப்படாதீர்கள்' என்று நான் சொல்லப்போவதில்லை. பயம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. இரண்டு மாதத்தில் பேச்சிலிருந்து கைக்கு வந்தவன், அதோடு நிற்பான் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

துப்பாக்கியை ஒரே வரியில் முடித்துவிடலாம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிச் சூட்டுக் கருவிகள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் அது முடியாது, உங்களைப் போன்றவருக்கு அது தேவையும் இல்லை. கத்திதான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய விஷயம். ஆனால் அதற்கு முன்னால் சட்டம் உங்கள் கையில் என்ன தந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அது நீங்கள் நினைப்பதைவிட ஒரு விதத்தில் அதிகம், இன்னொரு விதத்தில் குறைவு.

யூடியூப்பில் கேட்ட சட்டம் நம்முடையது இல்லை

அந்த வழக்கறிஞர் பேசியது இந்தியச் சட்டம். அங்கே பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புப் பிரிவுகள், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 34 முதல் 44 வரை மாறிவிட்டன. நமக்கு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள். இரண்டும் ஒரே வெள்ளைக்கார மூலத்திலிருந்து வந்ததால் சாராம்சம் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் பொலிஸ் நிலையத்தில் போய் இந்தியப் பிரிவு இலக்கத்தைச் சொன்னால், நீங்கள் எங்கோ கேட்டு வந்து பேசுகிறீர்கள் என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்த இடத்தை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

நம் சட்டம் சொல்வது இதுதான். உங்கள் உடலைக் காத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. இன்னொருவருடைய உடலைக் காக்கவும் உண்டு. அன்று டோர்ச்சோடு இறங்கி வந்த அண்ணனுக்கும் அந்தப் பாதுகாப்பு பொருந்தும். அவன் முதல் அடி அடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், நீங்களும் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. அவனுடைய முயற்சியாலோ மிரட்டலாலோ ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழும் கணத்திலேயே உரிமை தொடங்குகிறது. 95ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அந்த அச்சம் நீடிக்கும்வரை உரிமையும் நீடிக்கும்.

அச்சம் தீர்ந்ததும் உரிமையும் தீர்ந்துவிடும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அவன் விட்டுவிட்டுத் திரும்பி ஓடும்போது முதுகில் ஒன்று போட்டால் அது தற்காப்பு இல்லை, தாக்குதல். தேவைக்கு அதிகமாகக் காயப்படுத்தக் கூடாது என்பதும், பொலிஸின் உதவியை நாட நேரம் இருந்தால் நாட வேண்டும் என்பதும் 92ஆம் பிரிவில் இருக்கின்றன. உயிர்போகும் அளவுக்கு எதிர்க்கும் உரிமை 93ஆம் பிரிவில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது மரணம், கடுங்காயம், பாலியல் வன்புணர்வு, கடத்தல் போன்ற பெரிய ஆபத்துகளைப் பற்றிய நியாயமான அச்சம் இருக்கும்போது மட்டும். கேவலமாகப் பேசினான் என்பதற்காக அந்தப் பிரிவு திறக்காது.

'வழக்கு இல்லை' என்ற சொல்லும் தவறு. வழக்கு வரும். 'என்னைக் காத்துக்கொள்ளத்தான் செய்தேன்' என்பதை நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய பாரம், சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி, அதைச் சொல்கிறவர் மீதே விழும். அந்த நொடியின் பதற்றத்தை நீதிபதிகள் கணக்கில் எடுப்பார்கள், ஒவ்வொரு அடியையும் தராசில் வைத்து நிறுக்கமாட்டார்கள். இருந்தாலும் அந்த இடத்துக்கு வந்து சேரும்வரை விளக்கமறியல், பிணை, தவணை, வேலைக்குப் போகாத நாட்கள் என்று எவ்வளவோ இருக்கிறது. வழக்கில் நான் வெல்லச் செய்வேன் என்று சொல்வது எனக்கு எளிது. அந்தத் தவணைகளுக்கெல்லாம் பஸ் ஏறி வரப்போவது நீங்கள்.

சரி, அந்தக் கத்தி

தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியோடு காலையில் மலைக்குப் போகும் ஆளை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. அது அவருடைய தொழில் கருவி. இரவு எட்டு மணிக்குப் புடவைக் கடையில் வேலை செய்யும் பெண்ணின் கைப்பையில் மடிப்புக் கத்தி இருந்தால், 'இது எதற்கு?' என்ற கேள்வி வரும். 'தற்காப்புக்கு' என்று நீங்கள் நேர்மையாகச் சொல்வீர்கள். ஒரு மனிதரைக் குத்துவதற்காக இதைக் கொண்டு போகிறேன் என்று சொன்னதாகத்தான் அது பதிவாகும். நாளை ஏதாவது நடந்து அவனுக்குக் காயம் பட்டால், அவனுடைய சட்டத்தரணி முதலில் எடுப்பது இதைத்தான்: இரண்டு மாதமாகக் கத்தியோடு தயாராகத் திரிந்தவர் இவர் என்று. ஆபத்தான ஆயுதத்தால் காயம் விளைவித்தல் 315ஆம் பிரிவு, கடுங்காயம் என்றால் 317. சாதாரணக் காயத்தைவிட இவற்றுக்குத் தண்டனை கடுமை.

சட்டத்தை ஒரு பக்கம் வையுங்கள். கையை நினைத்துப் பாருங்கள். குளிரில் விறைத்த விரல்கள். ஒரு கையில் குடை, தோளில் பை. பையின் சிப்பைத் திறந்து, டிபன் பெட்டிக்கும் பர்ஸுக்கும் நடுவில் கத்தியைத் தேடி, இரண்டு கையாலும் அதை விரிக்க வேண்டும். அதற்குள் அவன் உங்கள் மணிக்கட்டைப் பிடித்திருப்பான். பழக்கமில்லாத கையில் மடிப்புக் கத்தி முதலில் வெட்டுவது பெரும்பாலும் பிடித்திருப்பவரின் விரலைத்தான். உங்களைவிடப் பலசாலியான ஒருவன் அதைப் பறித்துவிட்டால், அதுவரை இல்லாத ஆயுதம் ஒன்று அவன் கைக்குப் போய்விடும். கத்தி வேலை செய்ய வேண்டுமானால் நீங்கள் அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது நீங்கள் அந்தத் தூரத்தில் நிற்காமல் இருப்பது.

தம்பி அன்பினால்தான் தந்திருக்கிறான், எனக்குப் புரிகிறது. ஆனால் அவனுடைய கத்தியைவிட அவனுடைய இருபது நிமிடம் பெறுமதியானது. எட்டு மணிக்குச் சந்திக்கு வந்து அக்காவோடு நடந்து போகச் சொல்லுங்கள். தினமும் முடியாவிட்டால் வாரத்தில் நான்கு நாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்பியை எண்ணி எனக்குப் பயமாக இருக்கிறது. அக்காவை ஒருவன் தொந்தரவு செய்கிறான் என்று தெரிந்த பையன், கத்தி வாங்கத் தெரிந்த பையன், ஒரு நாள் தானே மடுவத்துக்குப் போய்விடுவான். தொந்தரவு செய்தவன் முறைப்பாட்டுக்காரனாகவும் தம்பி குற்றம் சாட்டப்பட்டவனாகவும் நீதவான் முன் நிற்பதை நான் பார்க்க விரும்பவில்லை. அவனிடம் இன்றே பேசுங்கள். கூட நடப்பது அவன் வேலை. போய்க் கேட்பது அவன் வேலை இல்லை.

தோழி சொன்ன பொருட்கள்

பெப்பர் ஸ்ப்ரே இந்தியாவில் கடையில் வாங்கலாம், அதனால் இங்கேயும் அப்படித்தான் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பேஸ்புக்கில் ஒருவர் விற்கிறார் என்பது சட்டம் அதை அனுமதித்திருக்கிறது என்பதற்கு ஆதாரம் ஆகாது. வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. குப்பிக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு பழையது என்று விற்பவருக்கே தெரியாது. தெரிந்தாலும், நம் மலைக்காற்று ஒரு பக்கமாக வீசுகிற காற்று இல்லை. பள்ளத்திலிருந்து மேலே ஏறும், அடுத்த வளைவில் திரும்பி அடிக்கும். தெளித்தது உங்கள் கண்ணுக்கே வந்தால் அந்தப் பாதையில் கண் தெரியாமல் நிற்கப்போவது நீங்கள். நெரிசலான பஸ்ஸுக்குள் தெளித்தால் குழந்தைகள்மேல் படும்.

மிளகாய்த்தூளுக்கும் இதே பதில். அம்மாமார் காலத்திலிருந்து சொல்லிவருகிற யோசனை அது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பொட்டலத்தை என் அம்மா ஒரு மழை வாரத்துக்குப் பிறகு பிரித்தபோது, ஈரத்தில் உறைந்து புளியங்கொட்டை அளவு கட்டிகளாக விழுந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வீசியிருந்தால் அவன் சட்டையில் பட்டு உருண்டிருக்கும்.

கரண்ட் அடிக்கும் டோர்ச், அவன் உடம்பில் அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும். இந்தக் குளிருக்கு நம் ஊரில் எல்லோரும் தடித்த ஜேர்சியும் ஜக்கெட்டும் போட்டுத்தான் திரிகிறார்கள். அசிட் என்ற சொல் உங்கள் கடிதத்தில் இல்லை, அதற்கு நன்றி. வேறு யாராவது அந்த யோசனை தந்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், அதற்கு எந்தத் தற்காப்பு வாதமும் கைகொடுக்காது. சாவியை விரல்களுக்கிடையில் வைத்துக் குத்துவது என்பதும் படத்தோடு சரி. சாவி வழுக்கி உங்கள் விரலையே கிழிக்கும்.

நான் பையில் வைக்கச் சொல்பவை

முதலில் டோர்ச். போன் வெளிச்சம் போதாது. போன் கையில் இருந்தால் பறிப்பான், பற்றரியும் அந்த நேரத்தில்தான் செத்துக்கிடக்கும். உள்ளங்கையில் அடங்குகிற, மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய எல்இடி டோர்ச் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். பெட்டியில் 200, 300 லூமன் என்று போட்டிருந்தால் இருட்டில் கண்ணைக் கூசவைக்கப் போதும். வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு முன்பே கையில் எடுத்துவிடுங்கள். வழக்கமாகப் பாதையில் அடியுங்கள். யாராவது நெருங்கினால் நேராக முகத்தில் அடியுங்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குச் சில நொடி ஒன்றும் தெரியாது. அந்தச் சில நொடி நடப்பதற்கு, நின்று பார்ப்பதற்கு இல்லை. தெருநாய்க்கும் காட்டுப்பன்றிக்கும் இதுவே உதவும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான்.

இரண்டாவது விசில். விளையாட்டு ஆசிரியர்கள் ஊதுகிறார்களே, அதில் உள்ளே குண்டு இல்லாத பிளாஸ்டிக் வகை. மழையில் நனைந்தாலும் ஊதும். கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட வேண்டாம், அதைப் பிடித்தே இழுக்கலாம். பையின் தோள்வாரில், வாய்க்கு எட்டும் உயரத்தில் கொக்கியில் மாட்டுங்கள். நம் மலையில் ஒலி எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்கே தெரியும். எதிர்மலையில் கொழுந்தெடுக்கும்போது கூப்பிடுகிற குரல் லயத்தில் கேட்கிறதல்லவா? ஆனால் யாரும் அறியாத விசில் வெறும் சத்தம். மேட்டு லயத்திலும் பணிய லயத்திலும் நாலைந்து வீட்டில் சொல்லி வையுங்கள்: இரவில் மூன்று முறை விட்டுவிட்டு ஊதினால் டோர்ச்சை எடுத்துக்கொண்டு இறங்குங்கள் என்று. ஒரு ஞாயிறு மாலை மடுவத்தடியில் நின்று ஊதிப் பாருங்கள், எந்த வீட்டில் கேட்கிறது என்று அம்மாவை நின்று கேட்கச் சொல்லுங்கள்.

வாயால் கத்துவதும் அப்படித்தான். 'ஐயோ' என்பதைவிட அவனுடைய பெயரைச் சொல்லிக் கத்துங்கள். பெயர் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். மலை முழுக்கத் தன் பெயர் கேட்பதை அவன் விரும்பமாட்டான். கேட்டவர்கள் நாளை சாட்சி சொல்லவும் அது உதவும்.

குடை எப்படியும் உங்களிடம் இருக்கிறது. மூன்றாக மடிக்கும் சின்னக் குடைக்குப் பதிலாக, வளைந்த பிடியுள்ள நீளக் குடையாக வைத்துக்கொள்ளுங்கள். மழை இல்லாதபோது மூடி இரண்டு கையாலும் முன்னால் பிடித்தால், அவனுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கை தூரம் இருக்கும். அதற்கு மேல் அதால் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். போன மாதம் அவன் குடையைப் பிடித்தபோது நீங்கள் விடாமல் இழுத்துக்கொண்டு நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை விட்டுவிடுங்கள். அவன் கையில் குடை இருக்கும் நேரம், நீங்கள் ஓடுவதற்குக் கிடைத்த நேரம். ஓட வேண்டியிருக்கும் என்பதால் கடைச் செருப்பைப் பையில் போட்டுவிட்டு, சந்தியில் இறங்குமுன் சப்பாத்து மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாரும் பையைப் பற்றிக் கேட்கிறார்கள், காலைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

போனில் அவசர அழைப்பு வசதி இருக்கிறது. பல அன்ட்ரொய்ட் போன்களில் பவர் பொத்தானை ஐந்து முறை வேகமாக அமுக்கினால் நீங்கள் குறித்து வைத்தவர்களுக்குத் தகவலும் இருக்கும் இடமும் போகும். செட்டிங்ஸில் ஒரு தடவை போட்டு, தம்பியின் இலக்கத்தைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். உங்கள் பாதையில் எந்த வளைவில் சிக்னல் விழுகிறது என்றும் பார்த்து வையுங்கள். மடுவத்தடியில் இல்லை என்றால், அதற்கு முந்திய வளைவிலேயே வட்ஸ்அப்பில் 'இறங்கிட்டேன்' என்று அனுப்பி, இருபத்தைந்து நிமிடத்தில் வந்து சேராவிட்டால் இறங்கி வர ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

பஸ்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதியிருந்தீர்கள். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் செய்த ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவை அனுபவித்ததாக 90 வீதப் பெண்கள் சொன்னார்கள். பொலிஸிடம் போனவர்கள் 4 வீதம் மட்டுமே. தாவணிக்குக் குத்திய ஊக்கை எடுத்துக் கையில் வைத்திருக்கும் நம் பெண்களை நான் குறை சொல்லமாட்டேன். இடித்துக்கொண்டு நிற்பவனுக்கு ஒரு குத்து, தேவைக்கு மிஞ்சிய பலம் ஆகாது. ஆனால் சத்தமாகச் சொல்வது அதைவிட வேலை செய்யும்.

அம்மாவின் பயம்

அம்மாவிடம் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் மகளுக்கு அவன் செய்தது சின்ன விஷயம் இல்லை, அம்மா. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் அது பாலியல் தொந்தரவு. ஐந்து வருடம்வரை சிறை, தண்டம், அதற்கு மேல் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடும் கட்டச் சொல்லலாம். வழிமறித்ததும் மிரட்டியதும் தனித்தனிக் குற்றங்கள். பெயர் கெடும் என்று பயப்படுகிறீர்கள். 345ஆம் பிரிவு உட்பட இத்தகைய குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ அச்சிட்டு வெளியிடுவதே 365C பிரிவின்படி குற்றம். முறைப்பாடு கொடுத்ததற்காக அவனோ அவன் வீட்டாரோ மிரட்டினால், சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. லயத்தில் வாய்கள் பேசும், அதைச் சட்டத்தால் அடைக்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த வாய்கள் இப்போதே பேசிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு மாதமாக ஒருவன் பின்னால் வருவது யாருக்கும் தெரியாமலா இருக்கும்?

தோட்டத் தலைவரை வைத்துப் பேசித் தீர்க்கலாம் என்று யாராவது சொல்லலாம். பேசட்டும். அவன் நிறுத்தினால் நல்லதுதான். ஆனால் அது பொலிஸ் முறைப்பாட்டுக்கு மேலதிகமாக நடக்கட்டும், அதற்குப் பதிலாக வேண்டாம். தலைவரும் மாதர் சங்கமும் உண்மையில் செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்று இருக்கிறது. அந்த மடுவத்தடியில் ஒரு லைட் போடவும் அங்கே குடிப்பதை நிறுத்தவும் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கேட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்வது. அந்தப் பாதையில் நடப்பவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லையே.

பொலிஸுக்குப் போகும்போது

தனியாகப் போகாதீர்கள், அம்மாவையோ அந்த டோர்ச் அண்ணனையோ கூட்டிப் போங்கள். அவர் நேரில் பார்த்த சாட்சி. பெண்கள், சிறுவர் பணியகப் பிரிவு இருந்தால் அங்கே பெண் உத்தியோகத்தரிடம் சொல்லக் கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வையுங்கள். 'வாசிச்சுக் காட்டுங்க சேர்' என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நான் பார்த்த பல வழக்குகள் விழுந்தது இந்த இடத்தில்தான்: 'குடையைப் பிடித்து இழுத்தான்' என்று சொன்னது 'வாய்த்தர்க்கம் ஏற்பட்டது' என்று எழுதப்பட்டு, கையெழுத்தும் விழுந்திருக்கும். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள். எடுக்க மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குப் பதிவுத் தபாலில் எழுதலாம், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். கிராம உத்தியோகத்தரிடமிருந்து வருமானக் கடிதம் எடுத்துக்கொண்டு போனால் வேலை சுருக்கமாக முடியும்.

அப்புறம் அந்தக் கத்தி. தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அம்மாவிடம் கொடுத்துச் சமையலறையில் வைக்கச் சொல்லுங்கள். பையில் அது இருந்த இடத்தில் ஒரு நாற்பது பக்கக் கொப்பியும் பேனாவும் வையுங்கள். இன்றிரவே உட்கார்ந்து இரண்டு மாதத்தையும் எழுதுங்கள். திகதி, நேரம், எந்த இடம், என்ன சொன்னான், என்ன உடுத்திருந்தான், கூட யார் இருந்தார்கள். அவன் சொன்ன கேவலமான சொற்களைக் கூச்சப்படாமல் அப்படியே எழுதுங்கள், அவை உங்கள் சொற்கள் இல்லை. மோட்டார் சைக்கிளின் கடைசி இரண்டு இலக்கம் ஞாபகம் இருக்கிறது என்று சொல்லியிருந்தீர்கள். அதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், மறந்துபோகும்.

அன்புடன்,
அக்கா